அந்தக் கல்லில் பழைய சிற்பம் இப்போது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரங்களுக்கு முன்பு என் சலவைக்கல் சிற்பம் ஒன்றின் படம் வெளிவந்திருந்தது. அதற்கு என் நன்றி. படத்தின் கீழே, ‘பழுதடைந்த பழைய அருவச் சிற்பத்துக்கு, அதைச் செதுக்கிய சிற்பியே மீண்டும் பொலிவூட்டியிருக்கிறார்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அன்றே ஒரு திருத்தம் எழுதத் தோன்றியது; ஒற்றைச் சொல்லுக்காக ஆசிரியரைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிறகு அந்தப் படத்தைப் பற்றி வாசகர் இருவருடைய கடிதங்கள் தங்கள் பக்கத்தில் வந்தன. தன் பிள்ளையின் முகத்தைத் தானே மாற்றியவன் என்று ஒருவர் என்னைக் கண்டித்திருந்தார். மற்றவர் எனக்குத் துணையாக எழுந்து, உருவமே இல்லாத கல்லில் அழிந்துபோவதற்கு என்ன இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் வழுவழுப்பாகும், அவ்வளவுதானே என்று கேட்டிருந்தார். கண்டித்தவரோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. எனக்காக வாதாடியவருக்குத்தான் நான் பதில் சொல்லியாக வேண்டும். கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் அந்தப் பழைய சிற்பம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. 1997ஆம் ஆண்டு, 80 சென்டிமீட்டர் உயரமும் 40க்கு 40 சென்டிமீட்டர் அடியும் கொண்ட ஒரு வெள்ளைச் சலவைக்கல் கட்டியிலிருந்து அதைச் செதுக்கினேன். ஒரே அடியிலிருந்து எழும் இரண்டு மேடுகள், ஒன்று மற்றொன்றின் பக்கம் சாய்ந்து, தொடுவதற்குச் சற்று முன்பாக நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே மேலிருந்து கீழாக ஒரு பிளவு இறங்கும். அந்தப் பிளவு கல்லின் மறுபக்கத்தை எட்டவில்லை. பின்னால் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு சுவரை விட்டுவைத்திருந்தேன். அப்போது கேட்டவர்களிடம், அடைபட்ட வெளிதான் இந்தச் சிற்பத்தின் பொருள் என்று விளக்கம் சொன்னேன். உண்மையில், அந்தச் சுவரைத் திறந்தால் மேடுகளில் ஒன்று உடைந்துவிடும் என்று பயந்தேன். இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகு இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

முகம், கை, ஆடை என்று அடையாளம் காண ஒன்றும் இல்லாததால், அருவச் சிற்பம் எதைச் செய்தாலும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உருவச் சிற்பத்தில் மூக்கு நுனி உடைந்தாலும் அது இன்னாருடைய முகம் என்பது போய்விடுவதில்லை. நம் கண்ணே அந்த மூக்கை நிரப்பிப் பார்த்துக்கொள்கிறது. அருவச் சிற்பத்தில் அப்படி நிரப்பிக்கொள்ள நம்மிடம் முன்னறிவு கிடையாது. ஒரு வளைவு எங்கே திரும்புகிறது, ஒரு விளிம்பு கூராக முடிகிறதா மழுங்கி முடிகிறதா, மெருகிட்ட பரப்பு எந்த இடத்தில் உளித்தடத்துக்கு வழிவிடுகிறது, இரு மேடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி விரலளவா கையளவா என்பவை தவிர அங்கே வேறெதுவும் இல்லை. அவற்றில் ஒன்றை மாற்றினால் அந்தச் சிற்பம் சிதைந்துகூட நிற்காது; இல்லாமலே போய்விடும்.

கல் அல்லாமல் இரும்பைப் பற்றியதாயினும், அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்துக்கு நேர்ந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். அவர் 1950இல் செய்த ஓர் அருவ இரும்புச் சிற்பத்தின் செந்நிறப் பூச்சு அவருடைய அனுமதியின்றி அகற்றப்பட்டதை அறிந்தபோது, அது இனித் தன் படைப்பு இல்லை என்று 1960இல் கலைப் பத்திரிகைக்கு எழுதி அதைக் கைகழுவினார். 1965இல் அவர் இறந்த பிறகு, அவருடைய சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர் கிளெமென்ட் கிரீன்பெர்க். அருவக் கலைக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய விமர்சகர் அவர். அவருடைய பொறுப்பில் இருந்தபோதே வேறு சில சிற்பங்களின் வண்ணப் பூச்சு நீக்கப்பட்டது; 1974இல் ரோசலிண்ட் கிராஸ் என்ற கலை விமர்சகர் அதை எழுதி வெளிக்கொண்டுவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. இரும்பின் வடிவத்தை யாரும் தொடவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேற்பூச்சு ஒன்று போனதற்கே அந்தச் சிற்பங்கள் வேறாகிவிட்டன என்று அறிந்தவர்கள் வாதிட்டார்கள். நானோ கல்லையே வெட்டியிருக்கிறேன்.

‘இன்னும் கொஞ்சம் தேய்த்தால்’ என்று அன்பர் எளிதாக எழுதிவிட்டதற்கு ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். நான் எடுத்துக்கொண்ட அதே அளவுள்ள கட்டியை வைத்துக்கொள்வோம்: 80, 40, 40 சென்டிமீட்டர். சலவைக்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ எடையுள்ளது என்பதால் இந்தக் கட்டியின் எடை 346 கிலோ அளவுக்கு வரும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே ஒரு சென்டிமீட்டரைக் குறைத்தால் மிஞ்சுவது 78, 38, 38. போனது 41 கிலோவுக்கு மேல். மொத்தத்தில் 12 விழுக்காடு. வளைவும் பிளவும் உள்ள வடிவத்தில், கன அளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம் என்பதால், இழப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிளவின் இரு சுவர்களிலும் ஒரு சென்டிமீட்டர் போனால் இடைவெளி இரண்டு சென்டிமீட்டர் அகலமாகும். விரல் நுழையாத இடத்தில் இரண்டு விரல் நுழையும். களிமண்ணில் தவறினால் ஒரு பிடி மண்ணை அப்பிவிடலாம். கல்லில் எடுக்க மட்டுமே முடியும். ஆகவே பழைய கற்சிற்பம் ஒன்றை மறுபடி செதுக்குகிறவர், பழையதைவிடச் சிறியதும் பழையதற்கு உள்ளே அடங்குவதுமான ஒரு வடிவத்தைத்தான் தேட முடியும்.

இனி, கல் என்னிடம் திரும்பி வந்த கதை. அதை வாங்கிய நிறுவனம் தன் தோட்டத்தில் திறந்த வெளியில் நிறுத்தியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் நின்ற சிற்பத்தை, கட்டடத்தை மாற்றிக் கட்டும்போது இடைஞ்சல் என்று கருதி, வேண்டுமானால் எடுத்துச் செல்லுங்கள் என்று எனக்கு எழுதினார்கள். உரிமையையும் எனக்கே விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டியில் ஏற்றினேன். அந்தத் தாளின் தேவையைப் பிறகு சொல்கிறேன்.

இறக்கி வைத்துப் பார்த்தபோது நான் நினைத்ததைவிட நிலைமை மோசமாக இருந்தது. சலவைக்கல் என்பது பெரும்பாலும் கால்சைட் என்னும் கனிமத்தின் மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான். வெயிலில் சூடேறும்போது அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு திசையில் விரிந்து, அதற்குக் குறுக்கான திசையில் சற்றுச் சுருங்கும். பக்கத்து மணிகள் வேறு வேறு திசைகளைப் பார்த்துக் கிடப்பதால் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் பிடிமானம் தளர்ந்து, மேற்பரப்பைத் தடவினால் சர்க்கரை உதிர்வதைப் போலக் கையோடு வரும். மேலே மழைபட்ட இடமெல்லாம் இப்படி ஆகியிருந்தது. மழை கழுவாத மறைவுகளில், அதாவது சாய்ந்த மேடுகளின் அடிப்பகுதியில், கருத்த பொருக்கு படிந்திருந்தது. காற்றிலுள்ள கந்தகமும் ஈரமும் கல்லோடு வினைபுரிந்து ஜிப்சமாக மாறி, புகைத்தூசியையும் தன்னுள் பிடித்துக்கொள்வதால் வருகிற பொருக்கு அது. பிளவுக்குள் நான் இட்டிருந்த மெருகில் ஒரு சதுர அங்குலம்கூட மிஞ்சவில்லை.

இவை மேற்பரப்பின் நோய்கள். அடியில் இருந்ததோ என் சொந்தத் தவறு. பீடத்தோடு பிணைப்பதற்காக 1997இல் சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை அடியில் செருகியிருந்தேன். துருப்பிடிக்காத எஃகு வாங்கியிருக்க வேண்டும் என்று அப்போதே தெரியும், கையிலிருந்ததை வைத்துவிட்டேன். இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். அந்த விரிவைக் கல் தாங்காது. அடியிலிருந்து கிளம்பிய விரிசல் இடப்பக்க மேட்டுக்குள் ஒரு சாண் தூரம் ஏறியிருந்தது. முதலில் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்டேன். வலப்பக்கம் மணியைப் போல் ஒலித்தது, இடப்பக்கம் ஓட்டைப் பானையைப் போல் மங்கியது. பிறகு கல் முழுவதையும் தண்ணீரால் நனைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசலுக்குள் புகுந்த ஈரம் கரிய கோடாகத் தங்கி நின்று, அது எங்கெங்கே போகிறது என்று காட்டிக்கொடுத்தது. பின்சுவரை நோக்கியும் ஒரு கிளை போயிருந்தது.

அந்த நிலையில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி சீரமைப்பு. துருக்கம்பியைத் துளைத்தெடுத்து, எஃகுக் கம்பிகளைச் செருகி, விரிசலுக்குள் எபாக்ஸி பிசினைச் செலுத்தி, பொருக்கை மெல்ல நீக்கி, மணிகளை இறுக்கும் மருந்திட்டு, கூரையுள்ள இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்வதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் 1980இல் லண்டன் கென்சிங்டன் தோட்டத்துக்கு அளித்த ‘வளைவு’ என்ற சிற்பம், டிராவர்டைன் என்னும் சுண்ணாம்புக்கல் வகையில் செய்யப்பட்டது, ஏழு கற்களால் ஆனது, ஆறு மீட்டர் உயரம், 37 டன் எடை. அதன் நிலை ஆபத்தானதாகிவிட்டது என்று 1996இல் பிரித்தெடுத்தார்கள். ஆய்வு செய்து, உள்பிணைப்பை மாற்றி, 2012இல் அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் எழுப்பினார்கள். சிற்பியோ 1986இலேயே காலமாகிவிட்டார். அவர் இல்லாதபோது வேறெதுவும் செய்ய யாருக்கும் உரிமையில்லை. பதினாறு ஆண்டுகள் காத்திருந்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பியதுதான் முறை. அந்த வளைவைப் பற்றிப் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதலாம். ‘பொலிவூட்டப்பட்டது’ என்றும் எழுதலாம்.

நான் அந்த வழியில் போகவில்லை. என் சிற்பத்தையும் காப்பாற்றியிருக்க முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழஞ்சிற்பங்களைப் பாதுகாக்கும் தொழிலிலுள்ள நண்பர் ஒருவர் அப்படித்தான் அறிவுரையும் சொன்னார். கண்டித்து எழுதிய வாசகர் இதைக் கேள்விப்பட்டால் அவருடைய குற்றச்சாட்டு இன்னும் வலுப்படும். ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் என் கண் அந்தப் பின்சுவரிடம்தான் போய் நின்றது. பயத்தால் விட்டுவைத்த ஒன்றை எஃகும் பிசினும் கொண்டு நிரந்தரமாக்குவதற்கு மனம் ஒப்பவில்லை. எந்த மேடு உடையும் என்று பயந்து சுவரைத் திறக்காமல் விட்டேனோ, அந்த மேடு எப்படியும் உடைந்துவிட்டது.

கற்சிற்பிகள் தங்கள் கல்லிடம் திரும்பிப் போவது புதிய வழக்கம் இல்லை. மைக்கலாஞ்சலோ 1550களின் தொடக்கத்தில் தொடங்கி, 1564 பிப்ரவரியில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை கைவைத்துக்கொண்டிருந்த ரொண்டனினி பியெத்தா, அதாவது இறந்த கிறிஸ்துவை மரியாள் தாங்கி நிற்கும் சிற்பம், இன்று மிலான் நகரக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏற்கெனவே ஓரளவு வடித்திருந்த கிறிஸ்துவின் உடலை அவரே தகர்த்துவிட்டு, மரியாளுக்கென ஒதுக்கியிருந்த கல்லுக்குள்ளிருந்து புதிய மெலிந்த உடலைத் தேடினார். பழைய கிறிஸ்துவின் வலது கை மட்டும், நன்கு மெருகேறிய நிலையில், எந்த உடலோடும் சேராமல் பக்கத்தில் தனியே நிற்கிறது. அந்தக் கையைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று புரியும்: அங்கே இரண்டு சிற்பங்கள் இருக்கின்றன, முதலாவது ஏறத்தாழ முழுவதும் செத்துவிட்டது. அவருடைய புகழ்பெற்ற தாவீதும் பிறர் தொட்டுவிட்ட கல்தான். 1464இல் அகோஸ்தினோ தி துச்சோ வெட்டத் தொடங்கி, பிறகு அந்தோனியோ ரொசெல்லினோவும் சிறிது காலம் கைவைத்து, இருபத்தைந்து ஆண்டுகள் முற்றத்தில் கிடந்த கட்டியை 1501இல் ஏற்றுக்கொண்டு 1504இல் முடித்தார். முன்னவர்கள் வெட்டிப் போட்டதை அவரால் திரும்ப ஒட்ட முடியவில்லை. மிஞ்சிய அகலத்துக்குள்தான் தாவீதின் உடலும் நிற்கும் விதமும் அடங்க வேண்டியிருந்தது.

உரோமர்கள் செய்தது வேறு வகை. பேரரசர் தொமிஷியன் 96ஆம் ஆண்டில் கொல்லப்பட்டபோது, அவருடைய நினைவையே அழிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அவருடைய கல்முகங்கள் பலவற்றை அடுத்து வந்த நெர்வாவின் முகங்களாக மாற்றிச் செதுக்கினார்கள். பெரிய முகத்தைச் சிறிய முகமாக்கும்போது காதைச் சுருக்குவது கடினம். ஆகவே முகத்துக்குப் பொருந்தாத காதையும், பின்மண்டையில் மிஞ்சிய பழைய முடியமைப்பையும் வைத்து, எது மாற்றப்பட்ட சிலை என்று இன்றைய ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். கல் எதையும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவர்கள் மறைப்பதற்காகச் செய்தார்கள். நான் மறைக்க விரும்பவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். கைவேலைக்காரனுக்கு அதை விட்டால் பேச்சில்லை. தளர்ந்த மணிகள் உள்ள கல்லில் கூர் உளியை நேராக வைத்து அடிக்கக் கூடாது. அடி இறங்கும் இடத்துக்குக் கீழே மணிகள் நொறுங்கி, வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எவ்வளவு மெருகிட்டாலும் அந்தப் புள்ளி போகாது. அதற்குக் கீழுள்ள நல்ல கல்வரை முழுப் பரப்பையும் இறக்கியாக வேண்டும். இடப்பக்க மேட்டை விரிசலின் வழியே பிரித்தெடுத்தபோது, சம்மட்டியையோ காற்றழுத்தச் சுத்தியலையோ நான் பயன்படுத்தவில்லை. அதிர்வு விரிசலின் கிளைகளை வளர்த்துவிடும் என்று, நீர் சொட்டும் வைரச் சக்கரத்தால் அறுத்து, கடைசிப் பகுதியைக் கைரம்பத்தால் பிரித்தேன். மணல் மூட்டைகளுக்கு நடுவே கல்லைப் படுக்க வைத்து, பல் உளியால் சாய்வாக உரித்துக்கொண்டே வந்தேன். நல்ல கல் தொட்டவுடன் உளியின் ஓசையே மாறும். சில இடங்களில் ஆறு மில்லிமீட்டருக்குள் அது வந்தது; உச்சியில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. பிறகு அரம், பிறகு 60ஆம் எண் சொரசொரப்பிலிருந்து படிப்படியாக நுண்ணிய 400வரை, நீர்விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். அதற்கு மேல் மெருகிடவில்லை.

அப்படி இறங்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. வலப்பக்க மேட்டின் மேல், வரிசையாக ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் எழுந்துவந்தன. 1997இல் நான் அவசரத்தில் கூர் உளியை நேராக அடித்த இடங்கள் அவை. அன்று மெருகுக்கு அடியில் அமுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இளமையில் எழுதிய கடிதத்தை முதுமையில் படித்தால் கூசுமே, அப்படி இருந்தது. நான்கை எடுத்துவிட்டேன், மற்றவற்றை எடுக்கப் போனால் வளைவு கெடும் என்பதால் விட்டுவிட்டேன். படத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும்.

இறுதியில் பின்சுவர் திறந்தது. இரண்டு மேடுகளுக்குப் பதிலாக இப்போது ஒரு மேடும், அதன் தோளில் வெளிச்சம் புகுந்து வெளியேறும் ஒரு துளையும் இருக்கின்றன. உயரம் 80 சென்டிமீட்டரிலிருந்து 61க்கு இறங்கியிருக்கிறது. பின்புறத்தில் உள்ளங்கையளவு இடத்தில் பழைய தோலை, பொருக்கும் உதிர்மணியுமாக, அப்படியே விட்டிருக்கிறேன். நண்பர்கள் சிலர் அதைப் பாராட்டுகிறார்கள். வெறும் நெகிழ்ச்சி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கே அதில் முழு உறுதி இல்லை.

எதையும் வெட்டுவதற்கு முன்பு செய்த வேலையைச் சொல்லாவிட்டால் நான் சொன்னதெல்லாம் அரைகுறையாகிவிடும். பழைய சிற்பத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும், ஒவ்வொரு படமும் அடுத்ததோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகும்படி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நூற்றுக்கணக்கில் படமெடுத்தேன். அத்தகைய படங்களிலிருந்து கணினி முப்பரிமாண வடிவத்தைத் திரும்பக் கட்டித் தரும். காலை, மாலைச் சாய்வெளிச்சத்தில் தனியே சில படங்கள் எடுத்தேன். பரப்பின் தன்மை நேர்வெளிச்சத்தில் தெரியாது. எடையையும், விரிசலின் போக்கையும், எங்கே மெருகு எங்கே உளித்தடம் என்பதையும் தாளில் குறித்து வைத்தேன். ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1930களின் தொடக்கத்தில் அலபாஸ்டர் என்னும் மென்கல்லில் முதன்முதலாகத் துளையிட்டுச் செய்த சிற்பம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. கல்லுக்குள் வெளியைத் திறந்ததென்று சிற்ப வரலாறு பேசுகிற அந்தப் படைப்பை நாம் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் வழியேதான் அறிகிறோம். போர் தொலைத்ததற்கே ஒரு படம் இருக்கிறது. தெரிந்தே தொலைக்கப் போகிறவன் அதைவிட நன்றாகப் பதிந்துவைக்கக் கடமைப்பட்டவன்.

உரிமையை எழுத்தில் வாங்கினேன் என்று முன்பு சொன்னேன். விற்ற கல் வாங்கியவரின் உடைமை. செதுக்கியவன் என்பதற்காக நான் உளியோடு அவர் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. மறுபக்கத்தில், வாங்கியவரும் தன் விருப்பப்படி அதை வேறொரு கைக்காரரிடம் கொடுத்து மாற்றியமைத்துவிட முடியாது. படைப்பின் மீது படைத்தவருக்குள்ள மதிப்புரிமை, விற்ற பிறகும் நீடிக்கும் என்று பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்க்கப்பட்ட பிரிவு சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அவரைக் கேட்காமல் பெயர்த்தெடுக்கப்பட்டபோது, அவர் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. உருவம் இல்லாத கல்தானே என்ற எண்ணத்தில், வளாகங்களிலும் பூங்காக்களிலும் நிற்கிற அருவச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசுவதும், மூலையை வெட்டி வழியை அகலமாக்குவதும், நடுவில் குழாயைச் செருகி நீரூற்றாக்குவதும் நல்லெண்ணத்தோடுதான் நடக்கின்றன. எனக்குத் துணையாக எழுதிய அன்பரின் சொற்கள் அந்த நல்லெண்ணத்துக்கு ஊக்கமாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. நான் செய்ததை முன்னுதாரணமாகக் காட்டி, வேறொருவர் செதுக்கிய கல்லில் யாரும் கைவைக்க வேண்டாம்.

கண்டித்து எழுதியவருக்கு ஒன்று. நான் அழித்தேன் என்று அவர் எழுதியது சரி. அந்தச் சிற்பத்தை விரும்பிப் பார்த்த ஒருவர் உலகத்தில் எங்காவது இருந்தால், அவரிடமிருந்து அதைப் பறித்துவிட்டேன்; அதற்கு ஈடாகப் புதியதை நீட்டினாலும் அது அவர் கேட்ட பொருள் ஆகாது. பிள்ளையின் முகம் என்ற உவமையை மட்டும் நான் ஏற்கவில்லை. பிள்ளைக்குத் தன் முகத்தின் மேல் உரிமை உண்டு, வலியும் உண்டு. கல்லுக்காக யாராவது பேச வேண்டியிருக்கிறது என்று அவர் எழுதியிருந்தால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் படத்தைப் பற்றிய ஒரு சிறு திருத்தத்தை வெளியிடுங்கள். ‘பொலிவூட்டியிருக்கிறார்’ என்பதை நீக்கிவிட்டு, ‘1997இல் செதுக்கிய ஒரு சிற்பத்தின் கல்லிலிருந்து அதே சிற்பி 2023இல் செதுக்கிய சிற்பம், முந்தையது இப்போது இல்லை’ என்று அச்சிட்டால் போதும். இரண்டு ஆண்டுகளையும் கல்லின் அடியிலேயே பொறித்திருக்கிறேன். பழைய ஆண்டின் மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். இடம் இருந்தால் பழைய சிற்பத்தின் படத்தையும் பக்கத்தில் வெளியிடலாம். சாய்வெளிச்சத்தில் எடுத்த ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் பின்சுவர் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கற்சிற்பி